இடம் தெரியாமல் உறைந்தது

கோக்ஜார் ஊரில் ஜும்கலைப் போல் இவ்வளவு தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டவன் வேறு யாரும் இல்லை. நாற்பத்தாறு வயது வரைக்கும் அவனுக்குப் பெண் பார்த்துப் பார்த்து அவனுடைய அக்காமார் இரண்டு பேரும் அலுத்துப்போனார்கள். பார்த்த பெண் எவளிடமும் அவன் வாய் திறக்கவில்லை. டிராக்டர் ஓட்டுவான், முரட்டுக் குதிரையைப் பழக்குவான், நாலு ஆம்பிளைகள் கூடினால் சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். ஒரு பெண்பிள்ளை எதிரே வந்துவிட்டால் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதன் உள்பக்கத்தை ஆராய ஆரம்பித்துவிடுவான்.

சாய்ரகான் அட்பாஷிப் பக்கத்துக்காரி. புருஷன் இறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. கோக்ஜார் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை கிடைத்து வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடத்து அடுப்புக்கு நிலக்கரி கொண்டுவந்து கொட்டுகிறவன் ஜும்கல். அந்தக் குளிர்காலம் முழுக்கத் தேவைக்கு மேலேயே கொண்டுவந்து கொட்டினான். கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"இவ்வளவு கரிய எரிச்சு முடிக்க எனக்கு ரெண்டு ஆயுசு வேணும். உங்களுக்கு என்னதான் வேணும், சொல்லுங்க."

அவன் தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டான். வசந்தம் வந்ததும் கல்யாணம் நடந்தது.

மூத்த அக்கா புருல்சா கல்யாணத்தில் அழுத அழுகையைப் பார்த்தவர்கள் பெண்ணுக்குத்தான் தாய் வந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். தாய் செத்தபோது ஜும்கல் நடைபழகும் குழந்தை. பதினைந்து வயதில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டவள் புருல்சா. மனசுக்குள் இன்னும் இறக்கி வைக்கவில்லை. சின்ன அக்கா அனார்குல்லுக்குத் தனியாக ஒரு கருத்து கிடையாது. புருல்சா சொன்னதைக் கொஞ்சம் மெதுவான குரலில் திருப்பிச் சொல்வாள், அவ்வளவுதான். இரண்டு பேருடைய வீடும் அதே தெருவில் இருந்தது. சாய்ரகான் நாற்பத்துமூன்று வயதுக்காரியானாலும் அந்தத் தெருவுக்குப் புது மருமகள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, நாத்தனார்களுடைய பெயரை வாயால் சொல்லாமல், பெரிய அண்ணி, சின்ன அண்ணி என்று அழைத்து, குனிந்த தலையோடு தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அது அவளுக்குக் கஷ்டமாகவும் இல்லை. தனியாக இருந்து சலித்தவளுக்கு அதட்டுவதற்கு ஆள் இருப்பதே ஒரு சுகமாகத்தான் இருந்தது.

அந்த அக்டோபரில் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம். கல்யாணத்தை ஒட்டிக் கோக்-போரு ஆட்டம். குதிரை மேலிருந்தபடியே ஆட்டுடலைப் பறித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம் அது, இளவட்டங்களுடையது. வேடிக்கை பார்க்கத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போன ஜும்கல், சேணத்தில் ஏறிவிட்டான். நெரிசலில் அவன் குதிரை சறுக்கிப் பக்கவாட்டில் சாய்ந்து, அவனுடைய இடது கால் அடியில் மாட்டிக்கொண்டது.

நரின் நகரத்து ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துக் கால் விரல் தெரிய, தொடை வரைக்கும் மாவுக்கட்டு போட்டவர் டாக்டர் அசான்குல். ஜும்கலோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். ஒரு காலத்தில் அவனுக்கு எதிரணியில் கோக்-போரு ஆடியவரும்கூட.

"அக்கா, நல்லாக் கேட்டுக்குங்க," என்றார் புருல்சாவிடம். "ரெண்டு நாள் ஓய்வு. அப்புறம் இந்த ஊன்றுகோல் ரெண்டையும் கையில குடுத்து வீட்டுக்குள்ளயாவது நடக்க விடுங்க. இந்தக் கால ஊனக் கூடாது, ஆனா ஆளு படுத்தே கிடக்கக் கூடாது. விரல ஆட்டிக்கிட்டே இருக்கணும். தண்ணி நிறையக் குடிக்கணும்."

புருல்சா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் காதில் விழுந்தது ஓய்வு என்ற ஒரே சொல்தான். வீட்டுக்கு வந்ததும் ஊன்றுகோல் இரண்டும் வைக்கோல் கொட்டகைக்குப் போயின.

"கண்ணுக்குப் பட்டா எடுத்து நடக்கணும்னு தோணும். அவன் புத்தி எனக்குத் தெரியாதா," என்றாள்.

"அவன் புத்தி நமக்குத் தெரியாதா," என்றாள் அனார்குல்.

ஜும்கலைச் சூடான அறையில், அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே மெத்தை மேல் மெத்தை போட்டுக் கிடத்தினார்கள். காலுக்கு அடியில் தலையணை, மேலே பஞ்சு ரஜாய்ப் போர்வை, அதற்கு மேலே ஆட்டுத்தோல். காலையில் ஆட்டு வால்கொழுப்புப் போட்ட சாறு, மத்தியானம் எலும்போடு கறி, சாயங்காலம் மறுபடியும் சாறு. அடுப்பு அணையவே இல்லை. சாய்ரகான் பள்ளிக்கூடத்துச் சமையலை முடித்து மூன்று மணிக்கு வீடு வந்தால், தன் புருஷன் முகம் மட்டும் வெளியே தெரிய, வேர்த்து விறுவிறுத்து, தொட்டில் குழந்தை மாதிரி கிடப்பதைப் பார்ப்பாள்.

"கொஞ்சம் எந்திரிச்சு உக்காரட்டுமே அண்ணி," என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள்.

"உக்காந்தா எலும்பு விலகும்," என்றாள் புருல்சா. "நீ அவனப் போன வருஷம்தான் பாத்த பொண்ணே. நான் அவனுக்குப் பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடியிருந்து பாக்கறேன்."

சாய்ரகான் தேநீர் ஊற்றினாள். அந்தப் பேச்சில் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அண்ணி அவன் நெற்றியைத் துடைத்த விதத்தைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது.

மூன்றாவது வாரம் ஜன்னல் மேடையில் இருந்த சிவப்புப் பூச்செடி வாடிப்போனது. சாய்ரகான் அட்பாஷியிலிருந்து பதியம் கொண்டுவந்து வளர்த்த செடி அது. இலையெல்லாம் ஓரத்தில் கருகி, தண்டு துவண்டுவிட்டது. அடுப்புச் சூடாக இருக்கும் என்று நினைத்து ஒரு சாயங்காலம் தொட்டியை நகர்த்தப் போனவள், மண்ணைப் பார்த்தாள். மண் மேல் வெள்ளையாக ஏடு படர்ந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. பால் வாசம் அடித்தது.

அவர்கள் பக்கத்தில் தேநீருக்குப் பாலும் உப்பும்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். ஜும்கல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொப்பி இருந்தால் தொப்பியைப் பார்த்திருப்பான்.

"இங்க பாருங்க," என்றாள். "என் செடிக்கு யாரு டீ ஊத்தினது?"

"பாவம், வாடிக் கெடந்துச்சு."

"டீ ஊத்தினதாலதான் வாடுச்சு. நான் குடுத்த டீய நீங்க குடிக்கறதே இல்லையா?"

அவள் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தாள். அவனுடைய உதடு வெடித்திருப்பது அப்போதுதான் அருகில் தெரிந்தது. நாக்கும் வறண்டிருந்தது.

"காலைல ஒரு மடக்கு, ராத்திரி ஒரு மடக்கு குடிக்கறேன்," என்றான் கடைசியில்.

"ஏன்?"

"மச்சான் காலைல ஒருதரம் வரார், சாயங்காலம் ஒருதரம் வரார்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கழிப்பறை முற்றத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அனார்குல்லின் புருஷன் காலையும் மாலையும் வந்து ஜும்கலை முதுகில் சுமந்து அங்கே கொண்டுபோய்க் கொண்டுவருவார். இடையில் வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கேட்பதென்றால் அக்காவிடம் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அவளிடம்.

"என்னக் கேட்டா என்ன?" என்றாள்.

"உன்கிட்ட எப்படி..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். காது மடல் சிவந்துவிட்டது. "பாட்டில் ஒண்ணு வச்சுக்கோன்னு மச்சான் சொன்னார். அத அப்புறம் நீதான எடுத்துட்டுப் போகணும். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுசா ஆகல. நல்லாவா இருக்கு?"

சாய்ரகானுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் கலங்கியது. இந்த மனுஷன் தாகத்தோடு, அவள் முன்னால் மானம் போகக் கூடாது என்று மூன்று வாரமாகச் செடிக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான்.

"நான் ஒரு பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கே மூக்குத் துடைச்சு விடறவ," என்றாள். "இருங்க, இப்பவே போலாம். வெளிச்சம் இருக்கு."

கொட்டகைக்குப் போய் ஊன்றுகோலைத் தேடி எடுத்து, ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிக்கொண்டு வந்தாள். முற்றத்தில் உறைபனி விழ ஆரம்பித்திருந்தது. மாவுக்கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களுக்குக் குளிரக் கூடாதென்று தானே பின்னிய அகலமான கம்பளி உறையை எடுத்தாள். போன வாரம் அவனுக்கு அதைப் போட்டுவிட்டபோது உள்ளே தொளதொளவென்று ஆடியது. இப்போது ஏறவில்லை. இழுத்துப் பார்த்தாள். விரல்கள் ஐந்தும் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு, நீலம் பாய்ந்து, பளபளவென்று இருந்தன. கட்டின் விளிம்பு தொடையில் வெட்டுகிற மாதிரி பதிந்திருந்தது. அதற்கு மேலே சதை கொதித்தது.

"வலிக்குதா?"

"விண்ணுனு இருக்கு. எலும்பு ஒட்டுதுன்னு அக்கா சொன்னா."

அவள் கம்பளி உறையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு புருல்சா வந்தாள். பின்னால் அனார்குல். புருல்சாவின் கையில் ஒரு சின்ன ஜாடி, அதில் மஞ்சளாக உறைந்த கரடி நெய். வேட்டைக்காரன் ஒருவன் வீட்டில் கெஞ்சி வாங்கி வந்திருந்தாள்.

"காலு விண்விண்ணுங்குதுன்னானே, நல்லா அழுத்தித் தேய்ச்சு விடறேன். தொடைலேர்ந்து கீழ நீவி விட்டா வீக்கம் எறங்கிடும்," என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடக்கினாள். ஊன்றுகோலைப் பார்த்ததும் முகம் மாறியது. "இத யாரு எடுத்தது?"

"நான்தான் அண்ணி. இப்ப அது வேண்டாம். அவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

"எதுக்கு?"

"கால் வீங்கியிருக்கு."

"ஒடஞ்ச கால் வீங்காதா பொண்ணே?"

"வீங்கும். முதல் வாரம் வீங்கினது, அப்புறம் வத்திடுச்சு. வத்தின கால் திரும்ப வீங்குது அண்ணி."

"அதுக்குத்தான் நெய் கொண்டாந்திருக்கேன்," என்று புருல்சா நெய்யில் விரலை விட்டு எடுத்து மண்டியிட்டாள்.

சாய்ரகான் அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அந்த ஊரில் மருமகள் நாத்தனாருடைய கையைப் பிடித்துத் தடுத்தாள் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. அனார்குல் திருப்பிச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"விடு," என்றாள் புருல்சா மெதுவாக.

"விட மாட்டேன் அண்ணி. திட்டுங்க, அப்புறம் கேட்டுக்கறேன்." சாய்ரகான் பிடியைத் தளர்த்தவில்லை. "எனக்கு இதுக்கு முன்னாடி ஒரு புருஷன் இருந்தார். இந்த வீட்டுல அவரப் பத்திப் பேசக் கூடாதுன்னு எனக்குத் தெரியும், பேசினதும் இல்ல. லாரி ஓட்டினார். ரஷ்யாவுக்கு வெங்காய லோடு. போக வர ஒரேயடியா உக்காந்தே ஓட்டுவார். வழில இறங்கினா நேரம் போயிடும்னு தண்ணிகூடக் குடிக்க மாட்டார். கடைசித் தடவ வந்தப்ப ஒரு கால்ல பூட்ஸ் ஏறல. நானும் அவரும் சேந்து இழுத்துப் பாத்தோம், சிரிச்சோம். ரப்பர் செருப்பப் போட்டுக்கிட்டு லோடு இறக்கப் போனார். மத்தியானம் மூச்சு வாங்குதுன்னு லாரிப் படில உக்காந்தவர் எந்திரிக்கல. இருதயம் நின்னுடுச்சுன்னாங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது அண்ணி. அந்தக் காலு இதே மாதிரிதான் இருந்துச்சு. அது மட்டும் தெரியும்."

புருல்சா அவள் முகத்தையே பார்த்தாள். அப்போது மெத்தையிலிருந்து ஜும்கலின் குரல் வந்தது.

"அக்கா, நேத்திலேர்ந்து மூச்ச இழுத்தா இங்க குத்துது." விலாப் பக்கம் கை வைத்துக் காட்டினான். "நீ பயந்துக்குவேன்னு சொல்லல."

புருல்சா எழுந்தாள். நெய்க் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, வாசலுக்குப் போய் எதிர்வீட்டைப் பார்த்து, "தெமிர்கான், கார எடு," என்று போட்ட சத்தத்தில் தெருநாய்களெல்லாம் குரைக்க ஆரம்பித்தன.

நரின் வரைக்கும் காரின் பின் இருக்கையில் ஜும்கலை நீட்டிக் கிடத்தி, தலையைச் சாய்ரகான் மடியிலும் காலைப் புருல்சா மடியிலும் வைத்துக்கொண்டு போனார்கள். வழியில் ஒரு இடத்தில் அவனுக்கு மூச்சு எட்டாமல் போய் உதடு வெளிறியது. புருல்சா தனக்குத் தெரிந்த துஆவெல்லாம் ஓதினாள். ஒன்றோடொன்று கலந்து ஓதினாள். சாய்ரகான் ஒன்றும் ஓதவில்லை. அவன் நெற்றியில் கையை வைத்து, "இழுங்க... விடுங்க... இழுங்க," என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் அசான்குல் காலைப் பார்த்தவுடனேயே பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், மாவுக்கட்டை இரண்டாகப் பிளந்தார்கள், காலுக்கும் நெஞ்சுக்கும் படம் எடுத்தார்கள். பெண்கள் இருவரும் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தடவை மட்டும் புருல்சா தன் சால்வையில் பாதியை எடுத்துச் சாய்ரகான் தோளில் போட்டாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை அசான்குல் அவர்களை உள்ளே கூப்பிட்டபோது ஜும்கல் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"பொழைச்சான்," என்றார் டாக்டர். "கால்ல உள்ள ரத்தக் குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்கு. அதுல ஒரு துண்டு பிச்சுக்கிட்டுப் போய் நுரையீரல்ல சொருகிக்கிச்சு. சின்னத் துண்டு. இனிமே புதுசா உறையாம இருக்க மருந்து போகுது. பழையத உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சுக்கும்."

"ரத்தம் ஏன் உறையுது?" என்று கேட்டாள் புருல்சா. ராத்திரி முழுக்க அவளுக்குள் கிடந்த கேள்வி அது. "யாராச்சும் கண்ணு வச்சிட்டாங்களா?"

"ரத்தம் உறையறது நல்ல குணம் அக்கா. உறையலேன்னா, கத்தி பட்ட விரலே ஆளக் கொண்டுபோயிடும். ஓட்ட எங்கயோ அங்க போய் அடைக்கணும், அதுதான் அதோட வேல. ஓட்டையே இல்லாத குழாய்க்குள்ள, இடம் தெரியாம உறைஞ்சாத்தான் வம்பு." அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நீங்க ஆத்தங்கரைல பொறந்தவங்க. குளிர்காலத்துல நரின் ஆறு முதல்ல எங்க உறையும்?"

"கரையோரம். தண்ணி ஓடாம நிக்கற எடத்துல."

"நடுவுல?"

"நடுவுல எப்படி உறையும், அது பாட்டுக்கு ஓடுதே."

"அதேதான். கால்லேர்ந்து ரத்தம் மேல ஏறணும்னா கெண்டச்சத அமுக்கி அமுக்கித் தள்ளணும். அசையாத கால்ல தள்ள ஆளில்ல, ரத்தம் தேங்கி நிக்குது. தேங்கினது மட்டும் போதாது. கரையில கல்லு, கட்ட ஏதாச்சும் இருந்தா அதப் புடிச்சுக்கிட்டுத்தான பனி படரும்? குதிர விழுந்ததுல எலும்பு மட்டுமா நசுங்கும், குழாயோட உள்தோலும் சிராய்ச்சிருக்கும். பிடிச்சுக்க இடம் கிடைச்சுது. அதோட, அடிபட்ட உடம்பு எங்கயோ ரத்தம் போகுதுன்னு நெனச்சுக்கிட்டு, எப்பவும்விட வேகமா உறையறதுக்குத் தயாரா இருக்கும். இந்தப் பெரிய மனுஷன் வேற தண்ணி குடிக்காம அதக் கெட்டியாக்கி வச்சிருக்கான்." ஜும்கல் ஜன்னலைப் பார்த்தான். "ஒண்ணு மட்டும் வந்திருந்தா உடம்பு சமாளிச்சிருக்கும். எல்லாம் கூட்டு சேந்து வந்திருக்கு."

புருல்சா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். பெரிய கைகள், பால் கறந்து கறந்து முட்டி தடித்தவை.

"அசையாம வச்சது நான்," என்றாள். "நீங்க சொன்னீங்க. நான்தான் கேக்கல. தேய்ச்சு விடவும் போனேன். தேய்ச்சிருந்தா பெரிய துண்டே பிச்சுக்கிட்டுப் போயிருக்குமா?"

டாக்டர் ஜும்கலின் போர்வையைச் சரிசெய்தார். "தேய்க்கலையே," என்றார். "அத விடுங்க. முதல் குத்தவாளி அந்தக் குதிரதான். ரெண்டாவது, நாப்பத்தேழு வயசுல அதுமேல ஏறினவன்."

"நீ ஏறியிருந்தா குதிரையே செத்திருக்கும்டா," என்றான் ஜும்கல், குரல் இன்னும் மெலிந்துதான் இருந்தது. டாக்டரின் தொப்பை குலுங்கியது. புருல்சாவும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அது அழுகையாகி, தம்பியின் தலையைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சாய்ரகான் டாக்டரைத் தொடர்ந்து நடைவழிக்கு வந்தாள்.

"லாரி ஓட்டறவங்களுக்கும் இது வருமா டாக்டர்?"

அவர் நின்றார். அவள் சுருக்கமாகச் சொன்னாள், பூட்ஸ் ஏறாத கால், வாங்கிய மூச்சு. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நாள்கணக்கா மடக்கின காலோட உக்காந்திருந்தா வரலாம்மா. நீங்க சொல்றத வச்சுப் பாத்தா அதுவாத்தான் இருக்கும்னு தோணுது. ஆனா பாக்காத உடம்பப் பத்தி நான் உறுதியாச் சொல்ல முடியாது."

"போதும்," என்றாள் அவள். "அவர் அன்னிக்குக் காலைல நல்லாத்தான் இருந்தார். ஏன்னு யாருமே எனக்குச் சொல்லல. அதனாலதான் கேட்டேன்."

திரும்பி உள்ளே வந்தபோது புருல்சா முகம் கழுவப் போயிருந்தாள். ஜும்கல் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான்.

"அவர் பேரு என்ன?" என்றான்.

"யாரு பேரு?"

"பூட்ஸ் ஏறாதவர்."

அவள் தயங்கினாள். "கல்முராத்."

"கல்முராத்," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான். "சிரிச்சோம்னு சொன்னியே. நல்லா சிரிப்பாரா?"

"ஊருக்கே கேக்கும்."

"நல்லது," என்றான். அப்புறம், குரலைத் தாழ்த்தி, காது சிவக்க, "சாய்ரா, கட்டிலுக்கு அடியில இருக்கற அந்தப் பாட்டில எடுத்துக் குடு," என்றான்.

வீடு திரும்பியபோது முதல் பனிப்பொழிவில் முற்றம் வெளுத்திருந்தது. உடைந்த காலில் புதிதாகச் சின்னக் கட்டு, கையில் ஊன்றுகோல், பையில் பல மாதத்துக்கு மாத்திரை. புருல்சா அடியோடு மாறியிருந்தாள். எப்போதும்போல அளவு தெரியாமல்தான். காலையில் கதவைத் திறந்ததுமே கெட்டிலும் கையுமாக நின்றாள்.

"குடி. ஏன் உக்காந்திருக்க? நட. நின்னா உறைஞ்சிடும்."

"இப்பத்தான் நடந்துட்டு வந்தேன் அக்கா."

"நடந்தது எனக்குத் தெரியும். தெருமுனைல நின்னு தெமிர்கானோட கத பேசினது யாரு?"

"கத பேசினது யாரு?" என்றாள் அனார்குல், மெதுவாக.

டாக்டர் சொன்னது இவ்வளவு இல்லை என்று சாய்ரகானுக்குத் தெரியும். அண்ணியிடம் அதையும் ஒரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். ஒரு தடவை கையைப் பிடித்துத் தடுத்தாயிற்று. அடிக்கடி பிடிக்க வேண்டாம்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அடுப்பில் பெரிய வாணலி ஏறியிருந்தது. புருல்சா மாவைத் தேய்த்துச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தாள். செத்தவர்களுக்காக போர்சோக் பொரிக்கிற நாள் வியாழன். எண்ணெய் வாசம் அவர்களை எட்டும் என்பது நம்பிக்கை. தாய்க்காகவும் தகப்பனுக்காகவும் புருல்சா தன் வீட்டில் பொரிப்பது வழக்கம். இங்கே வந்து ஏன் பொரிக்கிறாள் என்று சாய்ரகானுக்கு விளங்கவில்லை.

"கையக் கழுவிட்டு வா, திருப்பி விடு," என்றாள் புருல்சா, தலையைத் தூக்காமல். "அவனுக்கு யாராச்சும் பொரிக்கறாங்களா?"

"யாருக்கு அண்ணி?"

"உன் கல்முராத்துக்கு. தம்பிதான் பேரச் சொன்னான்."

சாய்ரகான் முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவருக்கு யாரும் இல்ல. அம்மா இருந்தாங்க, அவங்களும் போயிட்டாங்க. அங்க இருந்தவரைக்கும் நான் பொரிச்சேன். இங்க வந்தப்புறம்..."

"இங்க வந்தப்புறம் நாங்க என்ன நெனப்போமோன்னு பயந்துட்ட." புருல்சா ஒரு கை மாவை எண்ணெயில் விட்டாள். அது உப்பிப் பொன்னிறமாக மேலே வந்தது. "என் தம்பி மூச்சு விடறான்னா, அந்த மனுஷனோட காலு உனக்கு ஞாபகம் இருந்ததாலதான். அவனுக்கு ஒரு வாணலி எண்ணெய்கூட இல்லாத வீடா இது? திருப்பு, கருகுது."

சாய்ரகான் திருப்பினாள். கண்ணீர் எண்ணெயில் விழுந்துவிடக் கூடாதென்று முகத்தைத் தோள் பக்கம் ஒதுக்கிக்கொண்டாள். பொரித்ததைத் துணி விரிப்பில் கொட்டினார்கள். ஜும்கல் சுவரைப் பிடித்து வந்து உட்கார்ந்து, உள்ளங்கைகளை விரித்து, தனக்குத் தெரிந்த சூராவை ஓதினான். தாய் பெயரையும் தகப்பன் பெயரையும் சொன்னான். மூன்றாவதாகக் கல்முராத் பெயரையும் திருத்தமாகச் சொன்னான். எல்லோரும் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் தேநீர் வந்தது. ஜும்கல் சூடாக இருந்த போர்சோக்கைக் காய்ச்சிய பாலேட்டில் தோய்த்துத் தின்றான். இன்னொன்றுக்குக் கை நீட்டினான். புருல்சா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கொட்டகை வரைக்கும் போயிட்டு வந்து தின்னு."

அவன் சாய்ரகானைப் பார்த்தான். அவள் ஊன்றுகோலை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, தன் கோட்டையும் மாட்டிக்கொண்டாள்.